இரண்டாவது கோடை

"இரண்டாவது கோடை" என்று ஒரு சொல், சுமார் நூறு வருஷத்துக்கு முன்பு வரை அமெரிக்க வீடுகளில் சர்வ சாதாரணமாகப் புழங்கியிருக்கிறது. பிள்ளை பிறந்து முதல் கோடையைத் தாண்டிவிட்டால் அம்மாக்காரி கொஞ்சம் மூச்சு விடுவாள். ஆனால் அடுத்த வருஷக் கோடை வரப்போகுதுன்னா வயிற்றில் புளியைக் கரைக்கும். ஒன்று, ஒன்றரை வயசுப் பிள்ளை அந்த ஜூன், ஜூலை, ஆகஸ்டைத் தாண்டி வந்துவிட்டால் பெரிய கண்டம் ஒன்று கழிந்த மாதிரி.

எங்க வீட்டு வாண்டுக்கு இது இரண்டாவது கோடை. அதனால்தான் ஏதோ படித்துக்கொண்டிருந்தபோது இந்தச் சொல் கண்ணில் பட்டதும் அங்கேயே நின்றுவிட்டேன்.

நியூஜெர்சியில் கோடை எப்படி இருக்கும்னு இங்கே குப்பை கொட்டுகிற மக்களுக்குத் தெரியும். எட்டு மாசம் ஜாக்கெட்டுக்குள் அடைந்து கிடந்த சனம் எல்லாம் காலில் சக்கரம் கட்டிக்கொள்ளும். ஊரிலிருந்து அம்மா, அப்பா வந்திருக்கிறார்கள், நயாகரா காட்டணும். சனிக்கிழமை யார் வீட்டிலாவது பிறந்தநாள், ஞாயிற்றுக்கிழமை பிரிட்ஜ்வாட்டர் கோயில். நடுவில் ஆபீஸில் ரிலீஸ். வாண்டு நடக்க ஆரம்பித்து நாலு மாசம் ஆகிறது. நடை என்று சொல்ல முடியாது, ஓட்டம்தான். கீழே கிடக்கிற எதுவும் நேராக வாய்க்குப் போகும். இவ்வளவு அமளியில் நானும் தங்கமணியும் அவனுக்காகக் கவலைப்பட்டது எதுக்கெல்லாம்னு எண்ணிப் பார்த்தேன். வெயிலில் தோல் கறுக்குமோ, கொசு கடிக்குமோ, கார் சீட்டின் பக்கிள் சுடுமோ, மத்தியானத் தூக்கம் கெடுமோ. அவ்வளவுதான். செப்டம்பரில் பிள்ளை இருப்பானா என்ற கேள்வி ஒரு நாளும் வரவில்லை.

அந்தக் கேள்வி எப்படிக் காணாமல் போனது என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதலில், ஏன் "இரண்டாவது"? முதல் கோடையில் பெரும்பாலான பிள்ளைகள் தாய்ப்பாலில் இருக்கும். ஒரு வயசை ஒட்டிப் பால் மறக்கடிப்பார்கள். அப்புறம் மாட்டுப்பால், தண்ணீர், பெரியவர்கள் தட்டிலிருந்து கிள்ளிக் கொடுப்பது. கண்டதை எடுத்து வாயில் போடுகிற வயசும் அதுவேதான். ரெண்டும் சேர்ந்து நல்ல வெயிலில் வந்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு. ரெண்டே நாளில் கண் உள்ளே போய், நாக்கு வறண்டு, பிள்ளை துவண்டுவிடும். டாக்டர்கள் இதுக்கு "காலரா இன்ஃபேன்டம்" என்று பெயர் வைத்திருந்தார்கள் (நிஜக் காலராவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை). சனங்களுக்கு இது கோடைச் சீக்கு.

என்ன காரணம் என்று கேட்டால், பல் என்றார்கள். அந்த வயசில்தானே பல்லும் முளைக்கிறது! சாவுப் பதிவேட்டிலேயே "பல் முளைத்ததால்" என்று எழுதியிருக்கிறார்கள். ஈறைக் கத்தியால் கீறிவிடும் வைத்தியம்கூட நடந்தது. ரெண்டு விஷயம் ஒரே சமயத்தில் நடந்தால் இதனால்தான் அது என்று முடிவு கட்டுவது நம்ம ஃபீல்டில் மட்டும் இல்லை போல :)

சரி, அந்த வீடுகள் எப்படி இருந்தன? மன்ஹாட்டனில் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில், ஆர்ச்சர்ட் தெரு 97-ஆம் எண்ணில் ஒரு பழைய வாடகைக் கட்டடம் இருக்கிறது. 1863-ல் கட்டினது. இன்றைக்கு அது டெனமென்ட் மியூசியம். போன மாசம் போயிருந்தோம். உள்ளே நுழைந்ததும் எங்க அப்பா சொன்ன ஒரே வார்த்தை: "ஒண்டுக்குடித்தனம்." கச்சிதமான மொழிபெயர்ப்பு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூணு ரூம், மொத்தமே 325 சதுர அடி. அதில் தெருப்பக்க ரூமுக்கு மட்டும்தான் ஒழுங்கான ஜன்னல். எல்லா ரூமிலும் வெளிக்காற்று வர ஜன்னல் இருக்கணும் என்று புதுக் கட்டடங்களுக்குச் சட்டம் வந்தது 1901-ல்தான். 1869-ல் அங்கே குடியிருந்த ஒரு ஐரிஷ் குடும்பம் ஐந்து மாதக் கைக்குழந்தையைப் பறிகொடுத்த கதையையும் அங்கே சொல்கிறார்கள்.

அந்த மாதிரி ஒரு வீட்டில் 1900 வாக்கில் ஒரு ஜூலை நாளைக் கற்பனை பண்ணிப் பாருங்க. நடு ரூம்தான் அடுக்களை. அதில் நிலக்கரி அடுப்பு. சமையலுக்கு மட்டும் இல்லை, இஸ்திரிப் பெட்டி காயவைக்கவும் அதுதான். ஏனென்றால் பல வீடுகளில் வீடேதான் தையல் கடை. துணிக்கடைக்காரன் வெட்டிக் கொடுத்த கோட்டு, பேன்ட்டை அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து தைப்பார்கள். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. கை நின்றால் காசு நின்றது. ஒன்றரை வயசுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார்? எட்டு, பத்து வயசு அக்காதான். இடுப்பில் தம்பியைச் சுமந்துகொண்டு தெருவில் திரிவாள். தெருவில் குதிரை வண்டிகள். நியூயார்க் நகரத்தில் அப்போது ஒரு லட்சத்துக்கும் மேல் குதிரைகள். குதிரை இருந்தால் சாணம், சாணம் இருந்தால் ஈ. அந்த ஈ அடுத்து எங்கே உட்காரும்னு சொல்லணுமா?

ராத்திரி புழுக்கம் தாங்காமல் மொட்டைமாடியிலும், தீ விபத்துக்காக வெளியே வைத்த இரும்புப் படிகளிலும் படுப்பார்கள். தூக்கத்தில் உருண்டு விழுந்து செத்தவர்கள் உண்டு, குழந்தைகள் உட்பட. 1896 ஆகஸ்டில் வந்த வெயிலில் பத்து நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பின்னாளில் ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட் அப்போது நியூயார்க் போலீஸ் கமிஷனர்களில் ஒருத்தர். ஏழைகளுக்கு இலவசமாக ஐஸ் கட்டி கொடுக்க ஏற்பாடு பண்ணியிருக்கிறார். ஃப்ரிட்ஜ் இல்லாத காலம். ஐஸ் வாங்கக் காசு இருந்தால்தான் பால் சாயங்காலம் வரை தாங்கும்.

இங்கேதான் விஷயத்துக்கு வருகிறோம். பால்.

1850-களில் நியூயார்க், புரூக்ளின் சாராய ஆலைகளை ஒட்டி மாட்டுக் கொட்டகைகள் இருந்தன. சாராயம் காய்ச்சின பிறகு மிஞ்சும் கழிவைச் சூட்டோடு மாட்டுக்கு ஊற்றுவார்கள். மாடு புண்ணும் சீழுமாக நிற்கும். நீலம் பாரித்துத் தண்ணியாக வரும் பாலில் சுண்ணாம்புத் தூள் போட்டு வெள்ளையாக்கி, "சுத்தமான கிராமத்துப் பால்" என்று விற்றார்கள். 1858-ல் ஃபிராங்க் லெஸ்லி என்பவர் தன் பத்திரிகையில் படம் போட்டு நாறடித்தார். 1862-ல் மாநிலச் சட்டமும் வந்தது. ஆனாலும் கிராமத்திலிருந்து ரயிலில் வந்த பால், மளிகைக் கடையில் திறந்த கேனில் நாள் முழுக்க நின்றது. கரண்டியால் மொண்டு ஊற்றுவார்கள். விலை குறைவு என்பதால் ஏழைகள் வாங்கினது அதைத்தான்.

ஒரு சின்னக் கணக்கு. நல்ல சூட்டில் சில பாக்டீரியாக்கள் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கும். காலை எட்டு மணிக்கு ஒன்றே ஒன்று இருந்தால், சாயங்காலம் நாலு மணிக்குள் 24 தடவை இரட்டித்திருக்கும். 2-ன் அடுக்கு 24 எவ்வளவு என்று நம்ம ஆளுங்களுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். 1,67,77,216. நிஜத்தில் இவ்வளவு ஒழுங்காக நடக்காதுதான். ஆனால் ஜனவரியில் பிழைத்த பிள்ளை ஜூலையில் ஏன் பிழைக்கவில்லை என்பது புரிந்துவிடும்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது எங்க அம்மா அடுக்களையில் கேலன் கேனிலிருந்து பாலை ஊற்றிக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். "அம்மா, இது ஏற்கெனவே பாஸ்டரைஸ் பண்ணினது, அப்படியே குடிக்கலாம்"னு இதுவரை நாற்பது தடவையாவது சொல்லியிருப்பேன். "பச்சைப் பாலைப் பிள்ளைக்கு யாராவது குடுப்பாங்களாடா"ன்னு நாற்பது தடவையும் ஒரே பதில். இந்தத் தடவை நான் வாயே திறக்கவில்லை.

நியூயார்க்கிலும் இதையே சொன்ன ஒரு டாக்டர் இருந்தார். ஆபிரகாம் ஜேகோபி. அமெரிக்கக் குழந்தை மருத்துவத்தின் தந்தை என்று இவரைச் சொல்வார்கள். பாலைக் காய்ச்சிக் கொடுங்கள் என்பது அவருடைய பாட்டு. அதைக் காதில் வாங்கிக்கொண்டவர் நேதன் ஸ்ட்ராஸ், மேசீஸ் கடைப் பங்குதாரர். (இவருடைய அண்ணன் இசிடோர், அண்ணி ஐடா ரெண்டு பேரும் 1912-ல் டைட்டானிக்கில் போனவர்கள். படத்தில் கட்டிலில் கட்டிப்பிடித்துப் படுத்திருக்கும் அந்த வயசான ஜோடி இவர்களை நினைத்து வைத்ததுதான்.) நேதனும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். 1893-ல் லோயர் ஈஸ்ட் சைடு பக்கம் ஒரு படகுத்துறையில் பால் நிலையம் திறந்தார். பாஸ்டரைஸ் பண்ணின பால், அடக்க விலைக்கு, முடியாதவர்களுக்கு இலவசம். அப்புறம் ராண்டல்ஸ் தீவில் இருந்த அனாதைக் குழந்தைகள் காப்பகத்துக்கும் அதே ஏற்பாட்டைச் செய்தார். நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் இருந்த சாவு, 1898-ல், ஒரே வருஷத்தில், சுமார் பாதியாகக் குறைந்தது.

அப்புறம் என்ன, எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. காய்ச்சினால் சத்து போய்விடும், அழுக்குப் பாலை விற்கிறவனுக்கு அது திரை போடும் என்று எதிர்ப்பு. எதிர்த்தவர்கள் முட்டாள்களும் இல்லை. நம்ம நியூஜெர்சி நெவார்க்கில் ஹென்றி கோய்ட் என்ற டாக்டர், அதே 1893-ல், பண்ணையிலேயே சுத்தம் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். நல்ல பால்தான். ஆனால் விலை? கோட்டு தைக்கிறவன் வீட்டுக்கு எட்டாது. 1908-ல் சிகாகோ பாஸ்டரைஸ் பண்ணுவதைக் கட்டாயமாக்கியது. நியூயார்க் 1910-களில்தான் வழிக்கு வந்தது.

பாலை மட்டும் சரி பண்ணினால் போதுமா? சீக்கு வந்தால் வீட்டில் என்ன கொடுத்தார்கள் என்று பாருங்கள். "மிஸஸ் வின்ஸ்லோ சூத்திங் சிரப்" என்று ஒன்று, 1849-லிருந்து சக்கைப்போடு போட்டது. அழுகிற பிள்ளை நிம்மதியாகத் தூங்கும். தூங்காதா பின்னே, அதில் இருந்தது மார்ஃபின்! 1906-ல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் பாட்டிலின் மேல் அதை எழுத வேண்டி வந்தது. பகலெல்லாம் தையல், ராத்திரி அழுகிற பிள்ளை, அடுத்த வீட்டுக்காரரின் திட்டு. அந்த அம்மா அதை வாங்கினதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் டாக்டர் சாரா ஜோசஃபின் பேக்கர். 1873-ல் பிறந்தவர். பதினாறு வயசில் அப்பாவை டைஃபாய்டில் இழந்தவர். சூட்டும் டையும் போட்டுக்கொண்டு நியூயார்க் சேரிகளில் படி ஏறி இறங்கின சுகாதார இன்ஸ்பெக்டர். 1907-ல் "டைஃபாய்டு மேரி"யைப் பிடித்து, ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரி வரைக்கும் அவர் மேலேயே உட்கார்ந்து கொண்டுபோய்ச் சேர்த்த புண்ணியவதி இவர்தான்.

வருஷா வருஷம் செத்துக்கொண்டிருக்கிற பிள்ளையைத்தான் போய்ப் பார்க்கிறோம், சீக்கு வருவதற்கு முன்னாடியே போனால் என்ன என்று பேக்கருக்குத் தோன்றியது. 1908 கோடையில் லோயர் ஈஸ்ட் சைடில், பெரும்பாலும் இத்தாலியர்கள் வாழ்ந்த ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொண்டார். நர்ஸுக்கு எங்கே போவது? கோடை லீவில் பள்ளிக்கூடம் மூடிவிட்டதே, பள்ளி நர்ஸுகள் சும்மாதானே இருப்பார்கள் என்று முப்பது பேரைக் கேட்டு வாங்கினார். பிறப்புப் பதிவு அலுவலகத்திலிருந்து தினமும் முந்தின நாள் பிறந்த பிள்ளைகளின் விலாசம் வரும். மறுநாளே நர்ஸ் போய்க் கதவைத் தட்டுவார்.

போய் என்ன செய்தார்கள்? ஊசி இல்லை, மருந்து இல்லை. தாய்ப்பால் கொடு, கோடை முடிகிறவரை மறக்கடிக்காதே. தினமும் குளிப்பாட்டு. வெயில் காலத்தில் எதுக்கு இந்தக் கம்பளித் துணி, கழற்று. ஜன்னலைத் திற. பீரும் காபியும் பிள்ளைக்கு வேண்டாம். இவ்வளவுதான். நம்ம வீட்டுப் பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி விஷயங்கள். கோடை முடிந்து கணக்குப் பார்த்தால், முந்தின வருஷக் கோடையை விட அந்த வட்டாரத்தில் 1,200 சாவுகள் குறைவு!

அந்த வருஷமே நகர நிர்வாகம் குழந்தைகள் நலத்துக்குத் தனிப் பிரிவு தொடங்கி இவரைத் தலைவராக்கியது. கீழே வேலை பார்க்க வந்த ஆறு ஆண் டாக்டர்கள், ஒரு பொம்பளைக்குக் கீழே வேலை செய்ய மாட்டோம் என்று ராஜினாமாவை நீட்டினார்கள். "ஒரு மாசம் இருந்து பாருங்க, பிடிக்கலைன்னா போங்க" என்றார் பேக்கர். யாரும் போகவில்லை.

இடுப்பில் தம்பியைச் சுமந்த அக்காவை மேலே சொன்னேனே, அவளையும் இவர் விடவில்லை. அம்மாவை நீ வீட்டில் இருந்து பிள்ளையைப் பார் என்று உபதேசம் பண்ணினால் அடுப்பு எரியாது என்று அவருக்குத் தெரியும். அதனால் பள்ளிக்கூடங்களில் "குட்டி அம்மாக்கள் சங்கம்" ஆரம்பித்து, அந்தச் சிறுமிகளுக்கே பிள்ளை வளர்ப்பைச் சொல்லிக்கொடுத்தார். அக்கா மூலமாக அந்தப் பாடம் ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்கும் போனது. நகரமே நடத்தும் பால் நிலையங்களும் பிறகு வந்தன.

கொடுமையான ஒரு தமாஷும் நடந்தது. பிள்ளைகளுக்குச் சீக்கே வராததால் எங்கள் பிழைப்பு கெடுகிறது, இந்தப் பிரிவை மூடுங்கள் என்று புரூக்ளின் டாக்டர்கள் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மேயருக்கு மனுப் போட்டார்கள். தனக்குக் கிடைத்ததிலேயே பெரிய பாராட்டு என்று அதை எடுத்துக்கொண்டாராம் பேக்கர். பிரிவு தொடங்கின சமயத்தில் நியூயார்க்கில் பிறக்கும் ஆயிரம் பிள்ளைகளில் 144 ஒரு வயசைத் தாண்டவில்லை. 1923-ல் அவர் ஓய்வு பெறும்போது அது 66. இதில் பாலின் பங்கு எவ்வளவு, நர்ஸுகளின் பங்கு எவ்வளவு, மோட்டார் கார் வந்து குதிரையும் ஈயும் குறைந்ததன் பங்கு எவ்வளவு என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். அடித்துக்கொள்ளட்டும்.

நம்ம ஊர் எப்படி? பாலைக் காய்ச்சத் தெரிந்த நாம் தப்பித்தோம் என்று காலரைத் தூக்கிவிட முடியாது. நமக்கு எமன் தண்ணீரில் இருந்தான். 1900-களின் ஆரம்பத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் ஆயிரம் பிள்ளைகளில் 200-க்கும் மேல் முதல் வருஷத்திலேயே போயின. எங்க பாட்டி தன் கூடப்பிறந்தவர்களைப் பற்றிப் பேசும்போது, "எங்கம்மா பெத்தது ஒம்போது, தங்கினது அஞ்சு" என்பாள். தங்கினது. சின்ன வயசில் அந்த வார்த்தையை நான் கவனித்ததே இல்லை. பிள்ளை ஏதோ விருந்தாளி மாதிரி. அமெரிக்காக்காரி இரண்டாவது கோடை என்றாள், எங்க கொள்ளுப்பாட்டி தங்கல என்றாள். பயம் ஒன்றுதான்.

அந்தத் தண்ணீர் எமனுக்குப் பதில் உப்பும் சர்க்கரையும். 1971-ல் வங்கதேசப் போர் அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில், சலைன் பாட்டில் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலநபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை அண்டா அண்டாவாகக் கொடுக்க வைத்தார். நூற்றுக்கு 30 என்றிருந்த சாவு 4-க்கும் கீழே வந்தது. குடிக்க வைத்தது நர்ஸுகள் இல்லை, பக்கத்தில் இருந்த சொந்தக்காரர்கள்தான். குழந்தை வயிற்றுப்போக்குக்கு முக்கியமான காரணங்களில் ஒன்றான ரோட்டா வைரஸுக்கு இந்தியாவிலேயே தயாரான தடுப்பு மருந்தைச் சோதித்த இடங்களில் நம்ம வேலூரும் ஒன்று. 2016-ல் இந்தியத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து சேர்ந்தது, 2017-ல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. 2020 கணக்குப்படி ஒரு வயசுக்குள் இறக்கும் பிள்ளைகள் ஆயிரத்துக்கு இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. 13 என்பதும் சின்ன எண் இல்லை, அந்த 13 வீடுகளுக்கு.

ஆபீஸில் சர்வர் விழுந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுப்பினால் மெயில் போட்டுப் பாராட்டுவார்கள். விழாமல் பார்த்துக்கொண்டவனை யாருக்கும் தெரியாது. பேக்கரின் முப்பது நர்ஸுகள் அப்படிப்பட்டவர்கள். நானும் தங்கமணியும் இந்தக் கோடையில் அலுத்துச் சலித்துச் செய்கிற வேலைகள், பாட்டில் கழுவுவது, கை கழுவிவிடுவது, மிச்சப் பாலைக் கொட்டுவது, எல்லாமே யாரோ கதவைத் தட்டிச் சொல்லிக்கொடுத்ததுதான். என் டீமில் இருக்கும் அமெரிக்க அம்மா ஒருத்தரிடம் "இரண்டாவது கோடை" என்றால் தெரியுமா என்று கேட்டேன். ஏதாவது சினிமாவா என்றார். ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

ஒரு வேண்டுகோள் மக்களே. உங்க வீட்டில் பாட்டியோ பெரியம்மாவோ இருந்தால், பெத்தது எத்தனை, தங்கினது எத்தனை, தங்காத பிள்ளைகளுக்குப் பேர் வைத்திருந்தார்களா என்று கேட்டு எழுதி வையுங்க. எங்க பாட்டியின் தங்காத நாலு கூடப்பிறப்புகளில் ரெண்டு பேர் பெயர்தான் அப்பாவுக்கு ஞாபகம் இருக்கிறது. மீதி ரெண்டைக் கேட்க இனி ஆள் இல்லை.

கொசுறு: பேக்கரை நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தக் கூப்பிட்டார்கள். "நடத்துறேன், என்னையும் அதே படிப்பில் மாணவியாகச் சேர்த்துக்கோங்க" என்றார். பெண்களைச் சேர்ப்பதில்லை என்றார்கள். அப்போ வேற ஆளைப் பாருங்க என்றார். தேடிப் பார்த்து வேற ஆள் கிடைக்காமல் சேர்த்துக்கொண்டார்கள். 1917-ல் பொதுச் சுகாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். இப்படி ஒரு நெகோசியேஷன் நம்ம அப்ரைசலில் யாருக்காவது வருமா? :)